எல்லாவற்றுக்கும் அலுமினியம் மருந்தல்ல

ரிமோட் கார் ஓட்டுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. பிளாஸ்டிக் பாகம் உடைந்ததா, அலுமினியம் போட்டுவிடு, தொல்லை தீர்ந்தது என்பதுதான் அது. "அண்ணே, இது போட்டுட்டா உடையவே உடையாது" என்று விற்கிறவர் சொல்வார். நீலமும் சிவப்புமாக மின்னும் சஸ்பென்ஷன் செட்டைப் பார்த்தால் வாங்குகிறவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

சிலாங்கூரின் சுங்கை பஞ்சாங், சுங்கை பெசார், தஞ்சோங் காராங் வட்டாரத்தில் இந்தக் கார்களுக்கு வழவழப்பான பந்தயத் தளம் எதுவும் வாய்ப்பதில்லை. செம்மண் சாலையிலும், திடலோரத்திலும், செம்பனை நிரைகளுக்கு நடுவிலும்தான் ஓட்டம். முட்டுவதும் கவிழ்வதும் ஆட்டத்தில் ஒரு பாகம். அதனால் உறுதியான பாகம் வேண்டுமென்று கேட்பது நியாயமே. எந்த இடத்தில் எந்த மாதிரி உறுதி வேண்டும் என்பதைத்தான் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார் ஒன்று பேட்டரியோடு 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருக்கும் ஆற்றல் சுமார் 123 ஜூல். அதே காரை 6 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையைத் தொடும்போது என்ன அடி விழுமோ, அந்த அடி இது. முன் சக்கரம் செம்பனையின் அடிமரத்தில் மோதி நிற்கிற கணத்தில் இந்த ஆற்றல் முழுவதும் எங்காவது செலவாகியே தீர வேண்டும்.

அது போகும் வழியைப் பாருங்கள். டயரிலிருந்து சக்கர அச்சைத் தாங்கும் நக்கிளுக்கு வரும். அங்கிருந்து நக்கிளைப் பிடித்திருக்கும் சி-ஹப்புக்கு. அதன் பிறகு கீழ் ஆர்ம், ஆர்மைக் கோத்திருக்கும் எஃகுப் பின், பின்னைத் தாங்கும் பல்க்ஹெட், கடைசியில் சேசிஸ். இந்த வரிசையில் நைலான் ஆர்ம் ஒரு நொடி வளைந்து, அடியில் ஒரு பங்கை விழுங்கி, பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். அலுமினியம் அப்படி வளையாது. அதன் விறைப்பு சுமார் 70 கிகாபாஸ்கல். நைலானுக்கு 2 அல்லது 3தான். விறைப்பான ஆர்ம் அடியைத் தான் வாங்காமல் அடுத்த பாகத்துக்கு அப்படியே கைமாற்றிவிடும். ஆர்ம் தப்பிக்கும், பல்க்ஹெட் விரிசல் விடும். ஆர்மை மாற்ற நாலு ஸ்குரு கழற்றினால் போதும். பல்க்ஹெட்டை மாற்றப் பாதிக் காரைப் பிரிக்க வேண்டும்.

தோட்டத்து மெக்கானிக்குகளுக்கு இது புதிய பாடம் அல்ல. டிராக்டரின் பின்னால் ஓடும் புல்வெட்டியில் ஷியர் போல்ட் என்று ஒன்று இருக்கும். கத்தி கட்டையில் மாட்டினால் அந்த போல்ட் அறுந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். அடிக்கடி அறுகிறதே என்று அங்கே கெட்டியான போல்ட் போடுகிறவரை விவரம் தெரிந்தவர் யாரும் பட்டறையில் வைத்துக்கொள்ள மாட்டார். கீழ் ஆர்மும் அந்த போல்ட்டின் வேலையைத்தான் செய்கிறது.

நம் ஊர் தட்பவெப்பம் இதில் நமக்குச் சாதகம். நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய நைலான் இளகி, எளிதில் முறியாத தன்மை பெறும். பாகங்களை வெந்நீரில் கொதிக்க வைத்துப் போடும் பழக்கம் வெளிநாட்டு ஆர்வலர்களிடம் இருப்பதற்குக் காரணம் இதுவே. உறைகுளிரில் ஓடும் கார்களில் பிளாஸ்டிக் ஆர்ம் பட்டென்று முறிவதைக் காட்டும் காணொளிகளைப் பார்த்து நாம் பயப்பட வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் உள்ள சிலாங்கூர்க் கடலோரத்தில் அந்தக் குளிர் கிடையாது. இங்கே பிளாஸ்டிக்குக்கு எதிரி வெயில். காரை வெயிலில் போட்டு வைக்காமல் இருந்தாலே ஆர்மின் ஆயுள் கூடும்.

அப்படியானால் அலுமினியமே வேண்டாமா? வேண்டும், விறைப்பு பயன்படுகிற இடங்களில். முதலாவது நக்கிள். அதற்குள் பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டும். பிளாஸ்டிக் நக்கிளில் அந்தக் குழி நாளடைவில் தளர்ந்து சக்கரம் ஆடத் தொடங்கும். இரண்டாவது ஸ்டீயரிங் இணைப்புகள். அங்கே ஆட்டம் இருந்தால் நேராக ஓட்டினாலும் கார் அலையும். 2013இல் வந்த தமியாவின் டிடி-02 சேசிஸில் பலர் முதலில் மாற்றுவது இந்த ஸ்டீயரிங் பகுதியைத்தான். தமியாவே அதற்கு அலுமினிய செட் விற்கிறது. மூன்றாவது அப்சோர்பரின் உடலும் மூடியும். மரை தேயாது, எண்ணெய் கசிவதும் குறையும். பாகம் செய்கிறவர்களின் போக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. அமெரிக்காவின் டிராக்ஸஸ் தன் கார்களுக்கு நக்கிளையும் சி-ஹப்பையும் 6061-டி6 அலுமினியத்தில் விற்கிறது. கலிபோர்னியாவின் ஆர்பிஎம் நிறுவனம் பெயர் வாங்கியதோ வளைந்து கொடுக்கும் நைலான் ஆர்ம்களுக்காக.

6061, 7075 என்ற எண்களையும் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது. 6061-டி6 ஏறக்குறைய 276 மெகாபாஸ்கல் வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். 7075-டி6 கிட்டத்தட்ட 500 வரை தாங்கும். 7075 வகைக்கு முன்னோடியான கலவையை 1930களில் ஜப்பானின் சுமிதோமோ நிறுவனம் உருவாக்கியது. ஜீரோ போர் விமானத்தின் இறக்கைக்குள் அது போனது. அந்த வலிமைக்கு ஒரு விலையும் உண்டு. துத்தநாகமும் தாமிரமும் கலந்த இந்த வகை உப்புக்காற்றில் சீக்கிரம் அரிக்கும். எந்த வகை என்று எதுவுமே எழுதாத மலிவு செட் இரண்டிலும் சேராததாகக்கூட இருக்கலாம்.

எடையையும் மறந்துவிடக் கூடாது. ஒரே கன அளவில் அலுமினியம் நைலானைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனம். ஆர்மும் நக்கிளும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் பாகங்கள். அங்கே எடை கூடினால் குண்டும் குழியுமான பாதையில் சக்கரம் தரையை விட்டு எழும்பும், திரும்பி வந்து ஒட்டத் தாமதமாகும். நாலு மூலையிலும் அலுமினியம் மாட்டிய கார் செம்மண் சாலையில் தவளை போலத் துள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாட்டும்போது ஒரே ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். அப்சோர்பரைக் கழற்றிவிட்டு ஆர்மைக் கையால் தூக்கி விடுங்கள். அது தன் எடையாலேயே தடையின்றிக் கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் துளை இறுக்கமாக இருக்கிறது, அல்லது பின் வளைந்திருக்கிறது. பின்னைச் சுத்தியலால் அடித்து ஏற்றாமல், சரியான அளவு ரீமரால் துளையைச் சீராக்குங்கள். அலுமினியத்துக்குள் போகும் எஃகு ஸ்குருவுக்கு நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு போதும். பிளாஸ்டிக்கில் போகும் ஸ்குருவுக்கு அது கூடாது, சில வகைப் பிளாஸ்டிக் வெடித்துவிடும். முனை தேய்ந்த ஆலன் சாவியை அன்றைக்கே தூக்கிப்போடுங்கள். அது ஒரு ஸ்குருவின் தலையை மழுக்கிவிட்டால் அப்புறம் டிரில் தேடி அலைய வேண்டும்.

இனி பராமரிப்பு. ஓட்டி முடித்த காரில் ஒரு பின்னை உருவிப் பாருங்கள். செம்மண் தூள் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும். அதன் மேல் எண்ணெய் விட்டால் அது தேய்ப்புப் பசையாகிவிடும். அலுமினியத் துளை வட்டம் போய் முட்டை வடிவத்துக்கு வரும். ஆகவே பின்னை உலர்வாகவே விடுங்கள், தூரிகையால் துடைத்தால் போதும். கடலோர மண்ணில் உப்பு உண்டு. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்திலும் குளோரைடு உண்டு. வண்ணப் பூச்சு உரசிப்போன இடத்தில் இவை பட்டால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். எஃகு ஸ்குரு தொடுகிற இடத்தில் அது இன்னும் வேகமாகப் பரவும். சேறு பட்ட காரிலிருந்து பேட்டரியை எடுத்துவிட்டு, மின் பாகங்களில் படாமல் நல்ல தண்ணீரால் கழுவி, அன்றே உலர்த்துங்கள்.

கையில் இருக்கும் பணத்தை எதில் முதலில் போடுவது என்ற கேள்விக்கும் இதிலிருந்தே விடை வருகிறது. பேரிங்குக்குப் பதில் புஷ்ஷுடன் வரும் காருக்கு முதலில் பேரிங் போடுங்கள். அடிப்படை டிடி-02 போல எண்ணெய் இல்லாத அப்சோர்பர் உள்ள காருக்கு அடுத்து எண்ணெய் அப்சோர்பர் வாங்குங்கள். ஓட்டத்தில் உடனே வித்தியாசம் தெரிவது இந்த இரண்டிலும்தான். மூன்றாவதாக நக்கிளும் ஸ்டீயரிங்கும் அலுமினியத்துக்கு மாறலாம். கீழ் ஆர்ம் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். அலுமினிய ஆர்ம் வாங்க ஒதுக்கிய பணத்தில் கூடுதலாக ஒரு ஜோடி நைலான் ஆர்ம் வாங்கிக் கருவிப் பெட்டியில் போட்டு வையுங்கள். அடிமரத்தில் முட்டி ஆர்ம் போனாலும் அன்றைய ஓட்டம் அதோடு முடியாது.