விரல்கள் முடங்கும் முன்னே...

பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற கடலோர ஊர்களில், மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கடல்பாசி எடுப்பது பெண்களின் வாழ்வாதாரம். பாறைகள் கிழிக்காதிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர்கள் நீரில் இறங்குகிறார்கள். அந்த விரல்களே அவர்களுடைய மூலதனம். முடக்குவாதம் பெரும்பாலும் முதலில் தாக்குவதும் விரல்களின் சிறு மூட்டுகளைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2019-இல் உலகில் சுமார் 1.8 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ 70% பேர் பெண்கள்.

'உப்புத் தண்ணீரில் கிடந்த உடம்பு, வலிக்கத்தான் செய்யும்' என்று வலியைப் பொறுத்துக்கொள்வது உழைக்கும் மக்களின் இயல்பு. உழைப்பால் தேயும் மூட்டு வேறு, முடக்குவாதம் வேறு. பின்னதில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்சவ்வைத் தாக்கி அழற்சியை உண்டாக்குகிறது.

இந்த எதிர்ப்பு மண்டலம் தன்னிச்சையாக இயங்குவதில்லை. நரம்பு மண்டலத்துக்கும் அதில் பங்குண்டு என்பதை அண்மைக்கால அறிவியல் காட்டியுள்ளது. பக்கவாதத்தால் செயலிழந்த கை, கால்களில் முடக்குவாதத்தின் கடுமை குறைந்து காணப்படுவதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தனர். 2000-க்குப் பின், அமெரிக்க மருத்துவர் கெவின் டிரேசியின் ஆய்வுகள் இதற்கு ஒரு விளக்கம் தந்தன. மூளையிலிருந்து கழுத்து வழியே வயிற்றுப் பகுதிக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டினால், மண்ணீரலில் அழற்சியை வளர்க்கும் 'டி.என்.எஃப்' என்னும் புரதத்தின் உற்பத்தி குறைகிறது.

இதன் அடிப்படையில் உருவான, கழுத்தில் பொருத்தப்படும் சிறு மின்தூண்டல் கருவிக்கு 2025 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் வழங்கியது. 242 பேரிடம் நடந்த சோதனையில், மூன்று மாதங்களில் குறிப்பிட்ட அளவு முன்னேற்றம் கண்டவர்கள் தூண்டல் பெற்றோரில் சுமார் 35%, பெறாதோரில் 24%. பயன் உண்டு, ஆனால் அற்புதம் இல்லை. பிற உயர்நிலை மருந்துகள் பலனளிக்காதவர்களுக்கானது இக்கருவி.

இக்கண்டுபிடிப்பை இரண்டு விதமாகத் திரித்துவிட வாய்ப்புண்டு. 'எல்லாம் நரம்புத் தளர்ச்சிதான்' என்று லேகியம் விற்பது ஒன்று. 'எல்லாம் மனக்கவலைதான்' என்று நோயாளியின் வலியை அலட்சியப்படுத்துவது மற்றொன்று. மனஅழுத்தம் நோயின் தீவிரத்தைக் கூட்டக்கூடும் என்பது உண்மை. கடனும், கடலுக்குச் சென்றவர் கரை திரும்புவாரா என்ற அச்சமும் இக்கரையில் அன்றாடம் உள்ளவை. அதற்காக, மூட்டை அரிக்கும் அழற்சிக்கு ஆறுதல் வார்த்தை மருந்தாகிவிடாது.

நமக்கு உடனடித் தேவை விலையுயர்ந்த கருவி அன்று, காலத்தே நோயறிதல். வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை விலை மலிவானது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உள்ளது. மருத்துவரின் கண்காணிப்பில், முறையான இரத்தப் பரிசோதனைகளுடன் தொடக்கத்திலேயே இதை எடுத்துக்கொண்டால் பலருக்கு மூட்டுச் சிதைவைத் தடுக்கலாம். சிதைந்தபின் இழந்ததை மீட்பது கடினம். தாமதத்தின் விலை, வலி மாத்திரைகளுக்கான செலவு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் வருமானமே அதில் கரைகிறது. நாள் கூலியை இழந்து, பேருந்துக்குச் செலவிட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்தால் ஏழைப் பெண் சிகிச்சையைத் தள்ளிப்போடுவாள். அது அறியாமையன்று, அவளுக்குக் கட்டுப்படியாகும் கணக்கு. அந்தக் கணக்கை மாற்றுவதே அரசின் கடமை.

அதற்கான அமைப்புகள் நம்மிடம் உள்ளன. 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மருந்துகளையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. 'காலையில் விரல்கள் அரைமணி நேரத்துக்கு மேல் மடங்க மறுக்கின்றனவா? மூட்டுகளில் வீக்கம் ஆறு வாரங்களாக நீடிக்கிறதா?' என்ற இரு கேள்விகளை அப்பணியாளர்கள் சேர்த்துக் கேட்கலாம். ஐயமுள்ளோரை, 2022-இல் திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். அங்கிருந்து மூட்டுவாத நிபுணர்கள் மாதம் ஒருமுறையேனும் மண்டபம், ராமேசுவரம் பகுதிகளில் முகாம் நடத்துவதை அரசு உறுதிசெய்ய வேண்டும். மருந்தும் இரத்தப் பரிசோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும்.

நரம்பின் வழியே அழற்சியைத் தணிக்கும் மருத்துவம் ஒருநாள் மலிவாகி நம் கரைக்கும் வரலாம். அதுவரை மூட்டுகள் காத்திருக்காது.