தொட்டிலின் செலவு யார் கணக்கில்?

தாய்மையைப் போற்றாத மேடை உண்டா இந்நாட்டில்? மாலையிடுகின்றனர், மலர் தூவுகின்றனர், மங்கையே தெய்வமென்று மனமுருகப் பேசுகின்றனர். அந்தத் தெய்வம் வேலை கேட்டு ஆலை வாயிலில் வந்து நின்றால், "மணமாகிவிட்டதா? பிள்ளை உண்டாகுமா?" என்று கேட்கிறான் முதலாளி. கல்நெஞ்சன் என்று அவனைக் கடிந்துரைப்பது எளிது. அவனை அப்படிக் கேட்கத் தூண்டும் சட்டத்தையன்றோ நாம் முதலில் விசாரிக்க வேண்டும்!

1961இல் மகப்பேறு நலச் சட்டம் பிறந்தது; 12 வார விடுப்பு தந்தது. 2017இல் அது 26 வாரமாயிற்று. வரவேற்றோம், வாழ்த்தினோம். ஆனால் அந்த 26 வாரக் கூலியைத் தருவது யார்? அரசா? இல்லை. பொது நிதியா? அதுவுமில்லை. அவளை வேலைக்கு அமர்த்திய முதலாளி ஒருவனே! 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. பெண்ணை அமர்த்தினால் செலவு, ஆணை அமர்த்தினால் மிச்சம் என்று கணக்கெழுதிக் கொடுத்துவிட்டு, "ஏனப்பா பெண்களை ஒதுக்குகிறாய்?" என்று கேட்பது என்ன நியாயம்?

வேறு வழியில்லையோ என்பீர். வழி இருக்கிறது, நம் நாட்டிலேயே இருக்கிறது! 1948இல் வந்த தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் — மக்கள் வழக்கில் ஈ.எஸ்.ஐ. — காட்டிய வழி அது. ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி பங்கு செலுத்துகிறான், தொழிலாளியும் செலுத்துகிறார். 2019இல் வகுத்தபடி, கூலியில் நூற்றுக்கு 3.25 முதலாளியின் பங்கு, 0.75 தொழிலாளியின் பங்கு. அந்தப் பொதுப் பணத்திலிருந்தே தாய்க்கு 26 வாரக் கூலி போய்ச் சேருகிறது. பெண்ணை அமர்த்தியதால் முதலாளிக்குத் தனி நட்டம் ஏதுமில்லை. பின் ஏன் இந்த நல்வழியைக் குறிப்பிட்ட கூலி வரம்புக்குள் அடைத்து வைத்தனர்?

உலகம் இதை நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பிறந்த 1919ஆம் ஆண்டிலேயே, மகப்பேற்றுக் கால உதவி பொது நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வரவேண்டும் என்று உடன்படிக்கை வகுத்தது. நூறாண்டு கடந்தும் நமக்குக் காது கேட்கவில்லை!

இத்தனையும் ஆலைக்கும் அலுவலகத்திற்கும்தான். நாற்று நடுபவளுக்கு? வீட்டு வேலை செய்பவளுக்கு? 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், கருவுற்ற பெண்ணுக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரச் சொன்னது. 2017இல் வந்த மத்திய அரசின் திட்டமோ முதற் பிள்ளைக்கு 5,000 ரூபாய் என்றது. சட்டம் சொன்னதைத் திட்டம் குறைத்தது. கேட்பாரில்லை, ஏனெனில் குறைந்தது ஏழையின் பங்கு!

தந்தைக்கு? மத்திய அரசு ஊழியனுக்கு 15 நாள் உண்டு. புதிய தொகுப்பிலோ ஒரு நாளும் இல்லை! பிள்ளை இருவருடையது, பேணுதல் ஒருத்தியுடையது என்பதே அதன் பொருள். 1974இலேயே சுவீடன், பிள்ளை வளர்ப்பு விடுப்பைத் தாய் தந்தை இருவருக்கும் பொதுவாக்கி, அதன் ஊதியத்தைச் சமூகக் காப்பீட்டிலிருந்து தந்தது.

"பணம் எங்கே?" என்பர் பொருளாதாரப் புலவர். ஐயா, விலை ஏற்கெனவே கொடுக்கப்படுகிறது! 2019இல் அரசு எடுத்த நேரக் கணக்கைப் பாரும்: கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். கருவூலத்திலிருந்து போகாதது அவள் உடலிலிருந்தும் உழைப்பிலிருந்தும் போகிறது. கிடைக்காமற்போன வேலையிலிருந்தும் போகிறது.

2025 மே திங்களில், தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மறுக்கப்பட்ட மகப்பேறு விடுப்பை உச்சநீதிமன்றம் மீட்டுத் தந்தது. அவ்விடுப்பு மகப்பேற்று உரிமையின் பகுதி என்றும் உரைத்தது. உரிமை என்றபின் அதன் செலவைத் தனியொரு முதலாளியின் தயவில் விடலாமா? வழக்காட வசதியுள்ளவளுக்கு மட்டும் கிட்டுவது உரிமையாகுமா?

கேட்பது மூன்று. மகப்பேற்றுக் கூலி பொது நிதியிலிருந்து வரட்டும். வயலில் உழைப்பவளுக்கும் அது சேரட்டும். தந்தைக்கும் தொட்டிலாட்ட விடுப்புக் கிடைக்கட்டும். நாளைய உழைப்பாளியை நாட்டுக்குத் தருகிறாள் தாய். செலவை நாடு ஏற்கட்டும். மாலையும் மலரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!