மருத்துவர் வரும்வரை

மாரடைப்பும் இதய நிறுத்தமும் பேச்சுவழக்கில் ஒன்றாகவே புழங்கினாலும், முன்னது இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியில் ஏற்படும் அடைப்பு. பின்னது, அந்த அடைப்பாலோ வேறு காரணத்தாலோ இதயம் குருதியை வெளித்தள்ளுவதையே விட்டுவிடும் நிலை. குருதியோட்டம் நின்ற மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் மூளைச் செல்கள் சிதையத் தொடங்குகின்றன என்பதால், மருத்துவமனைக்கு வெளியே நிகழும் இதய நிறுத்தத்தில் சிகிச்சையின் தரத்தைவிட அதைத் தொடங்குபவர் யார், எப்போது தொடங்குகிறார் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. இக்கேள்விக்கு ஜெர்மனி நெடுங்காலம் அளித்துவந்த விடை, மருத்துவர் என்பது.

அந்த விடைக்கு மதிப்புக்குரிய வரலாறு உண்டு. அடிபட்டவரை மருத்துவரிடம் கொண்டுசெல்வதற்கு மாறாக மருத்துவரே அவரிடம் செல்ல வேண்டும் என்று அறுவை மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் 1938இல் வலியுறுத்தினார். 1957இல் கொலோன் நகரில் மருத்துவருடன் செல்லும் அவசர ஊர்தி ஓடத் தொடங்கியது. 1964இல் ஹைடல்பெர்க்கில், மருத்துவர் தனிக்காரில் விரைந்து, ஆம்புலன்ஸை நிகழ்விடத்தில் சந்திக்கும் முறை உருவாகி, பின்னர் நாடெங்கும் பரவியது. ‘நோட்ஆர்ஸ்ட்’ எனப்படும் இந்த அவசர மருத்துவரைச் சுற்றியே அமைப்பு முழுதும் வளர்ந்ததால், அவருக்கு முன்பே வந்துசேரும் ஆம்புலன்ஸ் பணியாளர் சட்டத்தின் பார்வையில் உதவியாளராகவே நின்றார்.

இதன் விளைவு விசித்திரமானது. நாஜி ஆட்சிக்காலத்தில், 1939இல் இயற்றப்பட்டு இன்றும் நடப்பிலுள்ள சட்டமொன்று, உரிமம் பெறாதவர் நோய் நீக்கும் தொழில் செய்வதைத் தடை செய்கிறது. போலி வைத்தியத்துக்கு எதிராக ஏட்டில் இருந்த அவ்விதி, உயிர்காக்கப் பயின்ற பணியாளரின் கையையும் கட்டிப்போட்டது. ஆகவே சிரையில் ஊசி ஏற்றிய பணியாளர், பேராபத்தைத் தவிர்க்கச் செய்த மீறல் குற்றமாகாது என்னும் தண்டனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் அடைக்கலம் தேட வேண்டியிருந்தது. 2014 ஜனவரி 1 முதல் ஆம்புலன்ஸ் பணியாளருக்கென ‘நோட்ஃபால்சானிடேட்டர்’ என்ற புதிய தொழில், மூன்றாண்டுக் கல்வியும் 4,600 மணிநேரப் பயிற்சியுமாக நிறுவப்பட்ட பிறகும் இந்நிலை முற்றிலும் நீங்கவில்லை: கற்பிக்கப்பட்டதைச் செய்யலாமா என்ற ஐயம் ஏழாண்டுகள் நீடித்தது. 2021 மார்ச்சில் அத்தொழிலுக்கான சட்டத்தில் சேர்க்கப்பட்ட 2அ பிரிவுதான், உயிராபத்திலும் கடும் பின்விளைவுகளைத் தடுக்க வேண்டிய நிலையிலும், தாம் பயின்று தேர்ந்த சிகிச்சைகளை, உடலுக்குள் ஊடுருவுபவை உட்பட, தாமே செய்ய அவர்களுக்கு உரிமை அளித்தது. அதுவும் அவசர மருத்துவர் வரும்வரை, அல்லது தொலைமருத்துவர் உட்பட வேறொரு மருத்துவர் பொறுப்பேற்கும்வரை.

இத்திருத்தம் நியாயமானது, ஆனால் உயிர் பிழைப்போர் எண்ணிக்கையை இதுவே உயர்த்திவிடும் என எதிர்பார்ப்பது தவறான இடத்தில் வைத்த நம்பிக்கை. சட்டச் சண்டை நடந்தது ஊசியையும் மருந்தையும் பற்றி. சான்று வலுவாக இருப்பதோ நெஞ்சழுத்தத்திலும், நடுங்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் ஒழுங்குக்குக் கொணரும் டிஃபிபிரிலேட்டரிலும். பிரிட்டனில் இதய நிறுத்தத்துக்கு உள்ளான எண்ணாயிரம் நோயாளிகளிடம் அட்ரினலினை வெற்று உப்புநீருடன் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், ஒரு மாதம் உயிரோடிருந்தோர் 2.4இலிருந்து 3.2 விழுக்காடாக உயர்ந்தனர். ஆயினும் மூளைச் செயல்பாடு நல்ல நிலையில் மீண்டோர் தொகையில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்துவதற்கோ எந்தச் சட்டத்தின் அனுமதியும் தேவைப்பட்டதில்லை.

அந்த அழுத்தத்தை ஆம்புலன்ஸ் வருமுன்பே அருகிலிருப்பவர் தொடங்க வேண்டும் என்பதில் ஜெர்மனி உண்மையாகவே முன்னேறியிருக்கிறது. 2007இல் நிறுவப்பட்ட ஜெர்மன் உயிர்மீட்புப் பதிவேட்டின்படி, பொதுமக்கள் முன்கை எடுக்கும் விகிதம் 2010இல் ஏழில் ஒன்றாக இருந்து, அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியை எட்டியுள்ளது. ஏழாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணிநேரம் இதைக் கற்பிக்கலாம் என்று மாநிலக் கல்வி அமைச்சர்களின் மாநாடு 2014இல் பரிந்துரைத்ததும், அவசர உதவி எண்ணான 112இல் அழைப்பை ஏற்பவர் அழைப்பாளருக்குத் தொலைபேசியிலேயே வழிகாட்டும் நடைமுறை பரவியதும், குட்டர்ஸ்லோ மாவட்டத்தில் 2013இல் தொடங்கியதைப் போன்ற கைபேசிச் செயலிகள் பக்கத்துத் தெருவில் இருக்கும் செவிலியரை அழைத்துவருவதும் இதனோடு சேர்ந்தவை. ஆம்புலன்ஸ் வந்தபின்னோ, 2014 முதல் ஆகன் நகரில் தொலைவிலிருந்து மருத்துவர் ஈசிஜி பார்த்துப் பணியாளருக்கு ஆணையிடும் முறை வழக்கமான சேவையாக நடக்கிறது. (தமிழ்நாட்டின் 108 சேவையில் வண்டியில் மருத்துவர் வருவதில்லை, பணியாளர் தொலைபேசியில்தான் மருத்துவரிடம் கேட்டுச் செயல்படுகிறார். வசதி ஆகனில் ஈன்றதை இங்கே தட்டுப்பாடு ஈன்றது.)

மிச்சமிருப்பது இடத்துக்கு இடம் உள்ள ஏற்றத்தாழ்வு. அவசர மீட்புப்பணி மாநிலங்களின் அதிகாரம் என்பதால், ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்பதற்கே நாடு முழுதுக்கும் ஒரே அளவுகோல் இல்லை: ஹெஸனில் பத்து நிமிடம் என்றால் பவேரியாவில் பன்னிரண்டு நிமிடப் பயணநேரம். 1969இல் வின்னெண்டன் ஊரில் விபத்துக்குள்ளான எட்டு வயதுச் சிறுவன் பியோர்ன் ஸ்டைகர், ஆம்புலன்ஸ் ஏறத்தாழ ஒரு மணிநேரம் தாமதித்ததால் இறந்தான். அவன் பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளை 112 எண்ணை 1973இல் நாடெங்கும் கொண்டுவரப் போராடியது. அதே அறக்கட்டளை 2025இல், குறைந்தபட்சத் தரத்தை உறுதிசெய்யும் கடமை கூட்டாட்சி அரசுக்கு உண்டு என்று வாதிட்டு கார்ல்ஸ்ரூவிலுள்ள அரசமைப்பு நீதிமன்றத்தை அணுகியது.