என்ஜின் ஒன்று போதும், பெட்டி பத்து வேண்டும்



மொத்த வியாபாரம் செய்கிறவர் வீட்டில் பொம்மை ரயில் ஓட்டுகிறார் என்று அம்பத்தூரில் நம்மைக் கேலி பேசுவோர் உண்டு. பேசட்டும். மே 5 வணிகர் தினம் நீங்கலாக விடுமுறை அறியாத தொழில் நம்முடையது. கணக்கு முடித்துக் கல்லாவைப் பூட்டிய பிறகு, குடோன் மாடியில் அரை மணி நேரம் பெட்டிகளைக் கோத்து ஓடவிடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நம்மிடம் உள்ளவை 87இல் ஒரு பங்கு அளவுள்ள பயணிகள் பெட்டிகள். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி ஏறக்குறைய 21.3 மீட்டர் நீளம். இந்தக் கணக்கில் 24.5 செ.மீ. வருகிறது. இத்தனை நீளம் குறுகிய வளைவில் திரும்பாது, தடம் புரளும். ஆகவே பாதி மாடியை வளைவே விழுங்கிவிட்டது. தண்டவாளத்தின் வழியாகத்தான் 12 வோல்ட் மின்சாரம் போகிறது. மிளகாய்த் தூளும் பருப்புத் தூசியும் சக்கரத்தில் படிந்தால் வண்டி பாதி வழியில் நின்றுவிடும். வாரம் ஒருமுறை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாக வேண்டும். (தும்மல் இலவசம்.)

ஐ.சி.எஃப். தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்து வைத்தார். தொழில்நுட்பம் சுவிட்சர்லாந்து நாட்டுடையது. ஆவடிப் பாதையில் நாம் சிறுவனாய் வேடிக்கை பார்த்த செங்காவி நிறப் பெட்டிகள் பிற்பாடு நீலமாயின. 2000இல் ஜெர்மனியிலிருந்து புதுவகைப் பெட்டி வந்தது. 2018 ஜனவரியோடு பழைய வகை உற்பத்தியே பெரம்பூரில் நின்றுபோயிற்று. இனி அவை அருங்காட்சியகத்தில்தான். கைக்குள் அடங்கும் மாதிரியாகவாவது மிஞ்ச வேண்டாமா? புனேயில் ஜோஷி என்பவர் ஆசைப்பட்டுச் சேர்த்த சிறு ரயில்கள் 1998 முதல் பொதுமக்கள் பார்க்கும் காட்சியகமாக உள்ளன. பெட்டி செய்யும் ஊரான நம் ஊரிலோ, நாம் வெளியூர்க் கடை ஒன்றில் முன்பணம் கட்டி ஏழு மாதம் காத்திருந்து நாலு பெட்டி வாங்கினோம். அதில் இரண்டுக்குக் கொக்கி உடைந்திருந்தது!

வியாபாரக் கண்ணோடு பாருங்கள். என்ஜின் என்பது கிரைண்டர் மாதிரி, ஒருமுறை வாங்கினால் முடிந்தது. பெட்டி அரிசி மாதிரி, வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார். இறக்குமதிப் பொம்மைகளுக்குச் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60ஆகவும், 2023இல் 70ஆகவும் உயர்ந்தது. உள்ளூர்ச் சரக்குக்கு இதைவிட நல்ல காலம் ஏது? பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதை, கடை வாசலில் பொம்மை தொங்கவிடும் மளிகைக்காரர்களும் மறக்க வேண்டாம்.

அச்சு செய்யும் செலவு லட்சக்கணக்கில் ஆகும் என்பது நமக்கும் தெரியும். 1859இல் தொடங்கிய ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனியே 2009இல் திவால் மனு கொடுத்தது. சிறுவர் கைக்கு எட்டாத விலை வைத்து, முதியவர்களை மட்டும் நம்பினால் அந்தக் கதிதான் என்பது நம் கருத்து. ஆகவே விலை முக்கியம்.

1964இல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வார்ப்பு தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? பட்டறை அன்பர் எவரேனும் முன்வந்தால் முதல் 50 பெட்டிக்குப் பாதிப் பணம் நாமே முன்கூட்டிக் கட்டுகிறோம். நிறம் மட்டும் செங்காவியாக இருக்கட்டும்.