மெள்ளப் போனால் வஞ்சிரம்!

ஐஸ்கிரீமுக்கும் மீன்பிடிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, கேளுங்கள். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்ற வாலிபர், ஒரு கோடை நாளில் விஸ்கான்ஸின் மாகாணத்து ஏரி ஒன்றில் தம் காதலிக்காக ஐஸ்கிரீம் வாங்கி வரத் துடுப்புப் போட்டுக்கொண்டு போனாராம். திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டது! 'துடுப்புக்குப் பதிலாக ஒரு யந்திரம் இருந்தால்?' என்று அன்று பிறந்த யோசனைதான், 1909-ல் விற்பனைக்கு வந்த வெளிமோட்டாராக முடிந்தது என்பார்கள். படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டிவிட்டு, வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். அவர் பெயர் தாங்கிய மோட்டார்களின் தயாரிப்பு 2020-ல் நின்றுவிட்டது. ஆனால் அவர் காட்டிய வழி, உலகத்துக் கடற்கரைகளிலெல்லாம் இன்னும் படபடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

மரக்காணத்துக் கடற்கரையிலும்தான்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போயிருக்கிறீர்களா? வழியில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் தெரிந்தால், மரக்காணம் வந்துவிட்டது என்று அர்த்தம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அருகில் கழுவேலி என்ற பெரிய நீர்ப்பரப்பு. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தண்ணீர் ஆழமில்லை. கோலூன்றிப் போகிற இடத்தில் மோட்டாருக்கு என்ன வேலை? கடல் விஷயம் வேறு. அலை அடிக்கும் திறந்த மணற்கரையிலிருந்து படகைத் தள்ளி, அலையைத் தாண்டி, மீன் இருக்கும் இடம் போய்ச் சேர வேண்டும்.

முன்பு இதையெல்லாம் கட்டுமரமும் பாயும் துடுப்பும் செய்தன. 1952-ல் ஒப்பந்தமான இந்திய - நார்வே திட்டம், கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் விசைப்படகுகளைப் பழக்கியது. 1980-களில் சிறு படகுகளுக்கும் மோட்டார் வந்தது. 2004-ம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு, நம் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. படகு வந்தது, மோட்டார் வந்தது; கூடவே ஒரு கேள்வியும் வந்தது. எத்தனை குதிரைச் சக்தி? எவ்வளவு வேகம்?

'பெரிய மோட்டார், பெரிய வேகம், பெரிய மீன்' என்று நீங்கள் நினைத்தால், வஞ்சிரம் உங்களோடு ஒத்துக்கொள்ளாது.

வஞ்சிரத்தைப் பிடிக்க ஒரு முறை, ஓடுகிற படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் செல்வது. ஆங்கிலத்தில் ட்ரோலிங் என்பார்கள். அடிமண்ணோடு வலையை வாரிக்கொண்டு போகும் ட்ராலிங் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த விசைப்படகுகள் கரைக்கு அருகில் மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1983-ம் வருஷச் சட்டமே இருக்கிறது.

இழுக்கும் தூண்டிலில் இரை உயிரோடு நீந்துவது போல் மீனுக்குத் தோன்ற வேண்டும். அதற்கு வேகம்தான் மந்திரம். 'நாட்' என்பது மணிக்கு ஒரு கடல் மைல்; 1.85 கிலோமீட்டர். செத்த மீனை இரையாகக் கோத்தால் 3 முதல் 4 நாட் போதும். பளபளக்கும் தகட்டு இரையானால் 4 முதல் 6 நாட். சூரைக்கு இன்னும் சற்றுக் கூட்டலாம். அதற்கு மேல் விரட்டினால், இரை நீரை விட்டுத் துள்ளும்; சுழன்று சுழன்று நூலை முறுக்கும்; மீன் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடும். மிகவும் மெதுவானாலோ இரை ஆழத்தில் தொங்கும். வஞ்சிரத்தின் பல் கத்தி போன்றது. தூண்டில் முள்ளுக்கு அருகில் கம்பி நூல் கட்டாயம்.

அமெரிக்காவின் ஈரி போன்ற பெரிய ஏரிகளில் வால்ஐ என்ற மீனுக்கு இன்னும் மெதுவாக, மணிக்கு 2 முதல் 4 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கிறார்கள். அங்கே ஒரு படகில் இரண்டு மோட்டார்! போய்வரப் பெரிதாக ஒன்று, தூண்டில் இழுக்கச் சிறிதாக ஒன்று. போதாக்குறைக்கு மின்சார மோட்டார் வேறு. நம்மூர்ப் படகுக்காரருக்கு ஒன்று வாங்கவே கடன். அந்த ஒன்றே அலையைத் தாண்டவும் வேண்டும், ஆமை போல் ஊரவும் வேண்டும். ஆகவேதான் தேர்ந்தெடுப்பதில் இத்தனை சிரமம்.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் வெளிமோட்டார் இலேசானது. அலை தாண்டச் சுறுசுறுப்பானது. ஆனால் குடிப்பதில் மன்னன். ஒரு குதிரைச் சக்திக்கு மணிக்கு அரை லிட்டர் வரை கேட்கும். மெதுவாக வெகுநேரம் ஓட்டினால் பிளக்கில் கரி பிடித்து நின்றுவிடவும் கூடும். நீண்ட தண்டு வைத்த டீசல் எஞ்சின் கனமானது, சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் ஒரு குதிரைச் சக்திக்கு மணிக்குக் கால் லிட்டர் சுமாரில் திருப்திப்படும். மெதுவான ஓட்டத்துக்கும் பொறுமையுள்ளது. கரை சேரும்போது தண்டைத் தூக்கி விசிறியைக் காப்பாற்றலாம். தூண்டில் இழுப்பதே முக்கியத் தொழிலானால் என் வோட்டு டீசலுக்குத்தான்.

எத்தனை குதிரைச் சக்தி? படகு நீரில் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்கள். 25 அடியானால் 5 தடவை 1.34, அதாவது 6.7 நாட். படகு தானே எழுப்பும் அலையில் ஏறித் திணறத் தொடங்கும் வேகம் இது. இதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் எண்ணெய் கொட்டித்தான் ஆக வேண்டும். வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்தால், தேவைப்படும் சக்தி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதே தூரம் போகக் கூடுதல் நேரம் பிடிக்கும்; அப்படியும் 100 லிட்டர் செலவாகும் இடத்தில் சுமார் 56 லிட்டர்தான் ஆகும். சென்னையிலிருந்து வேலை செய்த வங்காள விரிகுடாத் திட்டம், சிறு படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பது பற்றி 1986-ல் ஒரு வெளியீடே கொண்டுவந்தது. எழுதியவர் குல்பிராண்ட்சன். அவரும் நார்வேக்காரர்தான்!

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் தெரியுமா? படகில் பிடித்த மீன் விற்றதும் முதலில் கழிவது எண்ணெய்ச் செலவு. மீதிதான் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்கு. அநாவசிய வேகத்தில் எரிந்த ஒவ்வொரு லிட்டரும், கூட இருந்தவர் பங்கிலிருந்தும், கரையில் காத்திருக்கும் அவர் மனைவியின் கையிலிருந்தும் எடுத்தது. மோட்டார் வாங்கப் பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், பெரிய மோட்டாரின் பெரிய கடன் விலை பேசும் உரிமையையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இனிச் சில யோசனைகள். வேகம் காட்டும் கருவி இல்லையா? முன் முனையில் ஒரு தக்கையைப் போட்டு, அது பின் முனைக்கு வரும் நேரத்தை எண்ணுங்கள். 8 மீட்டர் படகில் 4 விநாடியானால் ஏறக்குறைய 4 நாட். 3 விநாடியானால் 5 நாட்டுக்குச் சற்று மேல். ஜி.பி.எஸ். கருவி இருந்தாலும் ஜாக்கிரதை! அது தரையை வைத்துச் சொல்லும் வேகம். மீனுக்குத் தெரிவது தண்ணீரின் வேகம். நீரோட்டம் 1 நாட் என்றால், கருவி 5 என்று காட்டும்போது, ஓட்டத்தோடு போகையில் இரை 4 நாட்டில்தான் நீந்துகிறது. எதிர்த்துப் போகையில் 6. தக்கை இந்தத் தப்பைச் செய்யாது.

படகைத் திருப்பும்போது கவனியுங்கள். உள்பக்கத் தூண்டில் மெதுவாகித் தாழும். வெளிப்பக்கத் தூண்டில் வேகம் பிடித்து எழும்பும். உள்பக்கத்தில் கடித்தால், மீன் உங்களை 'மெள்ள வா' என்கிறது. வெளிப்பக்கமானால் 'சீக்கிரம்' என்கிறது. இதைவிடத் தெளிவாக எந்த மீனும் பேசாது.

கடைசியாக, கடைக்குப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். முழு வேகம் கொடுக்காமல் முக்கால் விசையிலேயே அன்றாட வேலை நடக்குமா? கனத்த படகை மெதுவாக இழுக்கத் தோதான, சுருதி குறைந்த விசிறி கிடைக்குமா? பழுதானால் உதிரிச் சாமானும் மெக்கானிக்கும் நம் குப்பத்துக்குப் பக்கத்திலேயே உண்டா? 'உண்டு' என்று மூன்றுக்கும் பதில் வந்தால், மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் வாங்குங்கள். அண்டை வீட்டுப் படகு உங்களை முந்திக்கொண்டு போகட்டும். சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது தெரியும்.