விசேஷம் உண்டான்னு கேக்குறதுக்கு முன்னாடி...

தீபத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன் மக்களே. (கீழ்பென்னாத்தூர்ங்க. செஞ்சியில இருந்து திருவண்ணாமலை போற வழியில வருமே, அதேதான்.) வீடு முழுக்க வெல்லப்பாகு வாசனை. ஆளாளுக்குக் கையில பொரி உருண்டை. ஏழு மாசம் ஆன எங்க அக்கா மட்டும் ஒண்ணைக்கூடத் தொடாம உக்காந்திருந்தா. கர்ப்பகால சர்க்கரை. இன்சுலின் ஊசி வேற.

வந்தவங்க எல்லாரும் ஒரே டயலாக்தான் சொன்னாங்க: "மசக்கையில இனிப்பா தின்னுருப்ப, அதான்." அக்கா என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க... அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தப் பதிவு.

நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவ. ஆனா ஒரு பக் எப்ப வெடிச்சதுங்கிறதைவிட எப்ப உள்ள வந்ததுன்னு தேடுறது எங்க பொழப்பு. அப்படித் தேடினா விஷயம் இதுதான். கர்ப்பத்தோட பின்பாதியில நஞ்சு சுரக்குற ஹார்மோன்கள் இன்சுலினை ஒழுங்கா வேலை செய்ய விடாது. இது எல்லா கர்ப்பிணிக்கும் நடக்கும், குழந்தைக்கு குளுக்கோஸ் போய்ச் சேரணும்ல! கணையம் கூடுதலா இன்சுலின் சுரந்து சமாளிச்சிடும். ஏற்கெனவே தம் கட்டிக்கிட்டிருக்கிற கணையம்னா முடியாது, சர்க்கரை ஏறிடும். ஆக, அஞ்சாம் மாசம் தின்ன ஒரு லட்டு மேல மொத்தப் பழியையும் போடுறது அநியாயம்.

அமெரிக்க நர்சுகள் 13,110 பேர்கிட்ட கர்ப்பத்துக்கு முந்தின சாப்பாட்டுப் பழக்கத்தைக் கேட்டுப் பின்தொடர்ந்த ஆய்வு ஒண்ணு 2006-ல வந்தது. 758 பேருக்கு இந்தச் சர்க்கரை வந்திருக்கு. தினம் 10 கிராம் நார்ச்சத்து கூடினா ஆபத்து 26 சதவீதம் குறைவுன்னு கணக்கு வந்தது. இது வெறும் தொடர்புதான், நிரூபணம் இல்லைங்கிறதையும் சொல்லிடணும். 2015-ல பிரிட்டன்ல உடல் பருமனான 1,555 கர்ப்பிணிகளை வச்சு சாப்பாடு, நடைப்பயிற்சின்னு சொல்லிக்கொடுத்துப் பாத்தாங்க. கர்ப்பகால சர்க்கரை குறையலை. உண்டான பிறகு ஓடுறது லேட்டுன்னு நான் நினைக்கிறேன்.

நம்ம ஊர் சமாச்சாரத்துக்கு வருவோம். டாக்டர் சேஷய்யா குழு 2005-லேர்ந்து 2007 வரை தமிழ்நாட்டுல எடுத்த கணக்குப்படி நகரத்துல 17.8 சதவீதம், சிறுநகரங்கள்ல 13.8, கிராமத்துல 9.9. கிராமத்துலயே பத்துல ஒருத்தர்! வெறும் வயித்தோட பஸ் ஏறி வரச் சொன்னா கிராமத்துப் பொண்ணுங்க எப்படி வருவாங்க? அதனால எப்ப சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணியைக் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரைன்னு எளிமையாக்கினாங்க. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் டெஸ்ட்னு 2007-லயே கொண்டு வந்தது தமிழ்நாடு. பெருமைதான், ஒத்துக்கறேன்.

ஆனா எல்லாமே கர்ப்பம்னு பதிஞ்ச பிறகு. டெஸ்ட், முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணம், ஊட்டச்சத்துப் பெட்டகம், எல்லாம். அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு என்ன சாப்பிடுறான்னு யாருக்கும் கவலை இல்லை. "விசேஷம் உண்டா?" மட்டும் மாசாமாசம் தவறாம வரும்.

எங்க வீட்டுத் தட்டையே எடுத்துக்கங்க. காலையில இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. ஒரே அரிசி, மூணு வேஷம். உடனே "பாட்டி காலத்துக் களிக்கும் கூழுக்கும் திரும்புவோம்"னு கிளம்பிடாதீங்க சாமி. பாட்டி களி தின்னுட்டு நாள் முழுக்க மல்லாட்டை பிடுங்கினாங்க. நான் ஒன்பது மணி நேரம் சேர்ல குந்தியிருக்கேன். 2025-ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியர்களோட கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துங்குது. அரிசிக்குப் பதிலா கோதுமை மாவு, சிறுதானிய மாவுன்னு ஆளை மாத்தினா மட்டும் பிரயோஜனம் இல்லையாம். மொத்த மாவுச்சத்தே குறைஞ்சு பருப்பு, பயறு, பால்னு புரதம் ஏறணும்.

ஆனா அந்தப் பருப்பும் பொரியலும் யார் தட்டுக்குப் போகுது? அக்கா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எல்லாருக்கும் பரிமாறிட்டுக் கடைசியாத்தான் சாப்பிடுவா. அப்ப சட்டியில என்ன இருக்கும்? சோறு இருக்கும், ரசம் இருக்கும். அவரைக்காயும் முட்டையும் முன்னாடியே காலியாகியிருக்கும். "இனிப்பா தின்ன"ன்னு சொன்னவங்கள்ல பாதிப் பேர் அந்தப் பொரியலைத் தின்னவங்கதான். கோபமா இருக்கேன், விடுங்க.

சரி, நம்ம கதை. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். அக்காவுக்கு வந்ததால எனக்கும் வாய்ப்பு அதிகம். போன வாரம் மூணு மாச சராசரி காட்டுற சர்க்கரை டெஸ்ட் எடுத்தேன். அத்தை முகமெல்லாம் பிரகாசம், "விசேஷமாம்மா?" "இல்லத்தை, விசேஷத்துக்கு முன்னாடி." குழம்பிட்டாங்க பாவம். இப்ப எங்க வீட்டுல சோறு பாதி, காய் ரெண்டு மடங்கு, சாயங்காலம் சுண்டல், ராத்திரி நடை. ரங்கமணிக்கும் அதேதான். எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்னு நான் போட்ட சட்டத்துக்குத்தான் முணுமுணுப்பு ஜாஸ்தி. இவ்வளவு செஞ்சும் எனக்கு வரலாம், ஒல்லியா இருக்கவங்களுக்கும் வருது. வந்தா வரட்டும், பொரி உருண்டையைக் காரணம் காட்டி யாரும் பேசக் கூடாது.

அக்காவுக்குப் பிரசவமாகி ஆறு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுக்கணும். இவங்களுக்குப் பின்னாள்ல நிரந்தர சர்க்கரை வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ஏழு மடங்காவது இருக்கும். பிள்ளை பொறந்த சந்தோஷத்துல வீட்டுல மறந்துடுவாங்கன்னு தெரியும், அதனால என் போன்ல அலாரம் வச்சுட்டேன்.

டிஸ்கி: மொச்சை, காராமணி, கொண்டைக்கடலை எல்லாம் ஒரு ரவுண்டு முடிஞ்சாச்சு. வேற சுண்டல் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல போடுங்கப்பா, ரங்கமணி அழுவுறார்.