பெட்டி பேசினால் பிள்ளை பேசுமா?

சென்ற திங்கள் உறவினர் இல்லத் திருமணத்தின் பொருட்டுப் புத்தூருக்குச் சென்றிருந்தோம். எலும்பு முறிந்தோர் கட்டுப் போட்டுக்கொள்ளத் தேடிச் செல்லும் ஊர் என்று அதனைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருவதை அறிந்தோர் அத்துணைப் பேர் இலர். 1953-ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் சேர்ந்தது. நெடிய போராட்டத்தின் பின்னர் 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. புத்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே நின்றன. நம் அன்பர்களிற் பலர் பிழைப்பை நாடி வேற்றுமொழி நிலங்களுக்குக் குடிபெயர்ந்தவர்கள். புத்தூர்த் தமிழரோ இருந்த இடத்தில் இருந்தபடியே அந்நிலையை எய்தினார்கள். பிள்ளைகளின் மொழி பற்றிய கவலை இரு சாராருக்கும் ஒன்றே.

நாம் தங்கிய வீட்டின் முன்கட்டில் இரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நடுக்கூடத்தில் தொலைக்காட்சி. தறியின் ஓசையை விஞ்ச வேண்டும் என்பதற்காக அதன் ஒலியையும் மிக உயர்த்தி வைத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு முடுக்கிய பெட்டி இரவு பத்தரை மணிக்குத்தான் ஓய்ந்தது. அவ்வீட்டில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் உண்டு. பள்ளியிலிருந்து திரும்பியவன் பையைக் கழற்றாமலே பெட்டியின் முன் அமர்ந்தான். தமிழில் ஓடிய கேலிச்சித்திரப் படத்தைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தான். தமிழ் அவனுக்கு விளங்குகிறது என்று நாமும் மகிழ்ந்தோம்.

அருகில் இருந்த பாட்டியார், “ஏங்கண்ணு, இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டார். பையன் திரும்பாமலே, “ஏமீ லேது அவ்வா” என்றான். ஒன்றுமில்லை என்பது பொருள். பாட்டியார் தம்மை ஆயா என்றே சொல்லிக்கொள்கிறார். பேரனுக்கு அவர் அவ்வா. மேலும் இரண்டு முறை ஏதோ கேட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. பின்னர் அவரும் திரையையே பார்க்கத் தொடங்கினார்.

இரவு உணவின்போது பையனின் தந்தையாரிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கினோம். அவர் சற்றும் தயங்காமல் விடையிறுத்தார். “பள்ளியிலே ஆங்கிலமும் தெலுங்கும், தெருவிலே தெலுங்கு. வீட்டிலாவது தமிழ் ஒலிக்கட்டும் என்றுதான் நாள் முழுவதும் தமிழ் நிகழ்ச்சிகளையே வைத்திருக்கிறோம். இந்தப் பெட்டியும் இல்லாவிட்டால் இவனுக்குத் தமிழ் ஏது?” என்றார். இதே விடையை நம் அன்பர்கள் பலரது இல்லங்களிலும் கேட்டிருக்கிறோம். நம் இல்லத்திலேயே சொல்லியும் இருக்கிறோம். ஆதலால் அவரைக் குறை கூற நமக்கு வாய் எழவில்லை.

எனினும் அவர் கருத்து உண்மைதானா என்று ஆராய வேண்டியது நம் கடமை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வொன்று 2003-இல் வெளிவந்தது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்பித்தார்கள். ஒரு பிரிவினரோடு சீன மொழியினர் நேரில் அமர்ந்து விளையாடிப் பேசினார்கள். மற்றொரு பிரிவினருக்கு அதே மனிதர்களைத் திரையில் காட்டினார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் பன்னிரண்டு அமர்வுகள். நேரில் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டை அறியக் கற்றுக்கொண்டன. திரையில் கேட்ட குழந்தைகளோ அம்மொழியைக் கேளாத குழந்தைகளுக்கு எவ்வகையிலும் மேம்பட்டிருக்கவில்லை. காதில் விழுந்த சொல் ஒன்றே. எதிரே முகம் இல்லை.

ஆறு வயதுப் பிள்ளை கைக்குழந்தை அன்று. திரையிலிருந்து சில சொற்களைக் கற்கவும் கூடும். மறுக்கவில்லை. ஆனால் பெட்டி கேள்வி கேட்டு விடைக்காகக் காத்திருப்பதில்லை. பிழையாகச் சொன்னால் திருத்துவதில்லை. புத்தூர்ச் சிறுவனிடம் தமிழ் உள்ளே சென்றுகொண்டே இருக்கிறது. வெளியே வருவதற்கு வாயில் இல்லை.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. டிமிட்ரி கிறிஸ்டாக்கிஸ் என்னும் குழந்தை மருத்துவரும் உடனாய்வாளர்களும் நான்கு வயதிற்குட்பட்ட குழந்தைகளின் உடையில் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, அவர்கள் செவியில் விழும் சொற்களை எண்ணினார்கள். தொலைக்காட்சி ஒலிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் பெரியோர் பேச்சில் ஏறத்தாழ 770 சொற்கள் குறைந்திருந்தன என்று 2009-இல் அறிவித்தார்கள். பெட்டி பேசும்போது வீட்டார் வாய் மூடிக்கொள்கிறார்கள். சென்னையிலும் மதுரையிலும் இவ்விழப்பைத் தெருவும் பள்ளியும் ஓரளவு ஈடு செய்யும். புத்தூரிலும் மும்பையிலும் வேற்று நாடுகளிலும் வாழும் குழந்தைக்கு ஆயாவின் சொல் போனால் அதற்கு ஈடு இல்லை.

ஒரு காலத்தில் அளவு தானாகவே அமைந்திருந்தது. 1975 ஆகஸ்டு 15-இல் சென்னை நிலையம் தொடங்கியபோது மாலையில் சில மணி நேரமே ஒளிபரப்பு. அதே மாதம் ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி நிகழ்ச்சிகள் வரத் தொடங்கின; ஓராண்டு நடைபெற்ற அத்திட்டத்தில் ஊருக்கு ஒரு பொதுப் பெட்டி. நிலையமே நிறுத்தியது; நாம் எழுந்து சென்றோம். 1993-இல் சன் தொலைக்காட்சியும் அதன் பின்னர்ப் பலவும் வந்தன. இப்பொழுது கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. நிறுத்தும் பொறுப்பு முழுவதும் பெற்றோர் தலையில் விழுந்துவிட்டது.

எத்துணை நேரம் காணலாம் என்று கேட்போருக்கு விடை உண்டு. உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் கூறியது இது: இரண்டு வயதிற்குட்பட்டோருக்குத் திரையே வேண்டா, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படாது, அதனினும் குறைந்தால் நன்று. ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணிக்குள் அடங்க வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை.

கூறுதல் எளிது. நாம் தங்கிய வீட்டுத் தாயார் காலை முதல் தார் சுற்றுகிறார். தறியின் அருகே பிள்ளை ஓடாதிருக்க அவருக்குக் கிடைத்த ஒரே காவல் அப்பெட்டி. அதனைச் சோம்பல் என்று பேசுவோர் ஒரு நாள் அவ்விடத்தில் அமர்ந்து தார் சுற்றிப் பார்க்கட்டும்!

ஊரே கூடிச் செய்தால் எளிதாகும் போலும். மகாராட்டிரத்துச் சாங்கலி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றொரு சிற்றூர். 2022 முதல் அங்கே மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஒலிக்கும். ஊரார் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட வேண்டும். எட்டரைக்கு மறு சங்கு. பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் திரையிலேயே ஆழ்ந்துவிட்டதைக் கண்டு ஊர் மன்றம் செய்த ஏற்பாடு இது. பெரியோரும் அணைக்க வேண்டும் என்பதுதான் இதிலே நமக்குப் பிடித்த பகுதி. தாம் நெடுந்தொடர் பார்த்துக்கொண்டு பிள்ளையைப் படி என்றால் எந்தப் பிள்ளை படிக்கும்?

இதனைப் புத்தூர் வீட்டில் எடுத்துரைத்தோம். சங்குக்கு எங்கே போவது என்று தந்தையார் சிரித்தார். தறியை நிறுத்தும் மாலை ஏழு மணியே சங்காகட்டும் என்றார் தாயார். அதிலிருந்து ஒரு மணி நேரம் பெட்டியும் நிற்கும் என்று முடிவாயிற்று. தம் தொடர் அந்நேரத்தில்தானே வருகிறது என்று பாட்டியார் முதலில் முணுமுணுத்தார்.

பதினைந்து நாள் கழித்துத் தொலைபேசியில் உசாவினோம். முதல் மூன்று நாள் பையன் அழுதானாம். இரு நாள் விருந்தினர் வந்தமையால் ஏற்பாடு தவறியதாம். இப்பொழுது ஆயாவோடு அமர்ந்து மறுநாளைக்கு வேண்டிய தார்களைக் கூடையில் எண்ணி அடுக்குகிறானாம். இருபதுக்கு மேல் தமிழில் எண்ணத் தெரியாமல் தெலுங்கிற்குத் தாவுகிறவனை ஆயா விடுவதில்லையாம். நாம் கேட்ட அன்று முப்பத்து நான்கு வரை வந்திருந்தான்.